கான்கிரீட் மூடுவதற்கு முன்னால் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். பழைய ஓட்டுக் கட்டடத்தை 2022-இல் இடித்தார்கள். அதிலிருந்து நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். இப்போதுதான் இரண்டு வகுப்பறைக் கட்டடம் எழும்புகிறது. சுவர் லிண்டலுக்கு மேல் ஏறிவிட்டது. அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட் என்கிறார்கள். சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் போட்டபோது இரண்டே நாள்தான் தண்ணீர் விட்டார்கள். கேட்டதற்கு, "இது ஒன்றியத்து வேலை, உங்களுக்கு என்னம்மா தெரியும், போய்ப் பிள்ளைகளைப் பாருங்க" என்று ஒப்பந்ததாரரின் ஆள் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் நல்லவர், ஆனால் பயப்படுகிறார். கமிஷன் போக மிச்சத்தில்தான் கட்டுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. என் வீட்டுக்காரர் இது வேண்டாத வேலை என்கிறார். எங்களுக்குக் கேட்கிற உரிமை உண்டா? உண்டென்றால் எதைப் பார்ப்பது, யாரிடம் சொல்வது?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் குறைவாக இருப்பதால் நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே குழு உறுப்பினர்கள் நாலைந்து பேரைக் கூட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். ஒன்றியப் பொறியாளருக்கு அனுப்பி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நகல் கொடுங்கள். கடிதத்தில் குற்றச்சாட்டு ஒன்றும் வேண்டாம். மூன்றே கோரிக்கை: ரூஃப் கம்பி கட்டி முடிந்ததும் பொறியாளர் வந்து பார்க்கும் நாளை எங்களுக்குத் தெரிவியுங்கள், நாங்களும் உடன் இருக்கிறோம்; கட்டட வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் ஒரு நகல் பள்ளியில் இருக்கட்டும்; கான்கிரீட் போடும் அன்று கலவையைச் சோதிக்க எங்கள் முன்னால் கியூப் எடுங்கள். அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் கடிதம் கொடுத்ததற்கே சாட்சி கிடையாது.

சரி, உரிமை உண்டா என்ற கேள்வி. தாராளமாக உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுதான் உங்கள் குழுவுக்கே பிறப்புச் சான்றிதழ். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சொல்வது அதுதான். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது என்று குழுவின் வேலைகளையும் அதே பிரிவு எழுதிவைத்திருக்கிறது. "பிள்ளைகளைப் பாருங்க" என்று அந்த மனிதர் சொன்னாரே, பிள்ளைகளின் தலைக்கு மேலே நிற்கப்போகிற தளத்தைப் பார்ப்பதும் அதில்தான் சேரும்.

அலுவலகத்தில் யாராவது, "இந்தப் பணம் பள்ளிக்கு வந்த மானியம் இல்லை, ஒன்றியத்துக்கு வந்தது" என்று சொல்லக்கூடும். அதில் மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு வேறு கதவு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அந்தச் சட்டத்தில் 'தகவல் உரிமை' என்பது காகித நகல் வாங்குவதோடு முடிவதில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடுவதும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுப்பதும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, பிரிவு 2(ஜே). பலருக்கு இது தெரியாது. எம்-சாண்டையும் கம்பியையும் மாதிரி கேட்கிற உரிமை, குழுவில் இல்லாத சாதாரணக் குடிமகனுக்கும் உண்டு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மதிப்பீடு, வரைபடம், பணி ஆணை, முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், கியூப் சோதனை அறிக்கை என்று கேட்டு இப்போதே ஒரு மனு போட்டுவிடுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் ரூஃபுக்கு அது உதவாது. பூச்சு வேலைக்கும் கடைசிப் பில்லுக்கும் முன்னால் உங்கள் கைக்கு வந்து சேரும், அது போதும்.

இனி எதைப் பார்ப்பது என்பது. இதைச் சொல்வதற்கு முன் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துப் பள்ளிக் கட்டடம் என் மேற்பார்வையில் இருந்தது. ஒரே நாளில் மூன்று இடத்தில் வேலை. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது ரூஃப் பாதி போட்டாகிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தேன், கான்கிரீட் நன்றாகத்தான் தெரிந்தது, கையெழுத்துப் போட்டேன். எட்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்பறையின் தளத்திலிருந்து அடிக் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து பெஞ்சுகள் மேல் விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. கம்பிக்கும், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே இடைவெளி காக்கிற சிறு துண்டான கவர் பிளாக் வைக்கவே இல்லை. நான் போய் நின்றபோது, அங்கே சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர் சொன்னார்: "கம்பி தகரத்து மேலயே கெடந்துச்சு சார். நான் அன்னிக்கே பார்த்தேன். யார்கிட்ட சொல்றது?"

அந்தக் கேள்வி முப்பது வருடமாக என்னோடு இருக்கிறது. பொறியாளர் வாரத்துக்கு ஒரு முறை வருவார், வராமலும் போவார். பள்ளியில் தினமும் இருப்பது சமையல் அம்மாவும் ஆசிரியரும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாயும்தான். அவர்கள் கண்ணில் படுகிறது. படுவதைச் சொல்ல ஒரு வழியும், சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆளும் இருந்திருந்தால் அந்தத் தளம் அப்படிப் போயிருக்காது. அந்த வழியாக இருக்கத்தான் மேலாண்மைக் குழு.

கட்டடத்தில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சுவர் சாய்ந்திருந்தாலோ கதவு கோணலாக இருந்தாலோ பிறகும் தெரியும், பிறகும் திருத்தலாம். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் போய் மூடிக்கொள்கிறவைதான் ஆபத்து. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய ஆழம், அஸ்திவாரக் கம்பி, பெல்ட் கம்பி இதெல்லாம் உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே மூடியாயிற்று. மிச்சம் இருக்கிற பெரிய வாய்ப்பு ரூஃப்தான். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

கம்பி கட்டி முடித்த அன்று சாயங்காலம் பொறியாளரோடு மேலே ஏறுங்கள். கையில் வரைபடமும் ஒரு டேப்பும் இருக்கட்டும். வரைபடத்தில் "8 எம்எம் கம்பி, 150 எம்எம் இடைவெளி" என்பது மாதிரி எழுதியிருக்கும். பத்து கம்பிக்கு நடுவே இருக்கும் ஒன்பது இடைவெளியையும் சேர்த்து அளந்து ஒன்பதால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒன்றிரண்டு இடைவெளியை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். கம்பியின் கனத்தில் சந்தேகம் வந்தால் வெட்டிப் போட்ட துண்டில் சரியாக ஒரு மீட்டர் எடுத்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 8 எம்எம் என்றால் 395 கிராம், 10 எம்எம் என்றால் 617, 12 எம்எம் என்றால் 890 கிராம் அளவில் இருக்கும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம், பெரிதாகக் குறையக் கூடாது. அப்புறம் குனிந்து பாருங்கள்: கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா? தளத்தில் குறைந்தது 20 எம்எம், பீமில் அதைவிடக் கூடுதலாக வரைபடத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அது. உடைந்த ஜல்லித் துண்டைச் செருகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சுவருக்கும் பீமுக்கும் மேலே வருகிற மேல்கம்பி, ஆட்கள் மிதித்து நடந்து கீழே அமுங்கிக் கிடக்கும். அதைத் தூக்கிக் கட்டி, அடியில் தாங்கு கம்பி வைத்திருக்க வேண்டும்.

படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பைக் கம்பி மேல் விரித்துவைத்து எடுத்தால் அந்தப் படமே பேசும்.

கான்கிரீட் அன்று கெடுதல் பெரும்பாலும் தண்ணீரால் வருகிறது. இளக்கமாக இருந்தால் கொட்டிப் பரப்புவது சுலபம், அதனால் குழாயைத் திருப்பி விட்டுக்கொண்டே இருப்பார்கள். கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போய்க் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாக நிற்கும். பலம் போய்விடும், மழைநீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். வேலை நடக்கும் இடத்திலேயே கலக்கும் எம்20 தரச் சாதாரணக் கலவைக்கு, 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. பத்து லிட்டர் வாளியில் மூன்று. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. மிக்சர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாளி எண்ணினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே குழாய் நின்றுவிடும், நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மணலும் ஜல்லியும் பெட்டியில் அளந்து போடுகிறார்களா, கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்று முன்னாலேயே கேட்டுவையுங்கள். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சடித்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேலானால் சோதிக்காமல் போட விடாதீர்கள்.

கியூப் என்பது 150 எம்எம் பக்கமுள்ள இரும்பு அச்சு. கலவையை அதில் நிரப்பி, 28 நாள் தண்ணீரில் வைத்து, ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். உங்கள் ரூஃபின் அளவுக்குக் குறைந்தது ஆறு எடுக்க வேண்டும். கியூப் விஷயத்தில் நடக்கிற தவறு எனக்குத் தெரியும்: நல்ல கலவையில் வேறெங்கோ செய்ததைக் கொண்டுபோய்ச் சோதிப்பது. அதனால் மிக்சரிலிருந்து வருகிற கலவையில் உங்கள் கண்முன் எடுக்கட்டும். இறுகுவதற்கு முன் ஆணியால் தேதியையும் உங்கள் இனிஷியலையும் அதன் முகத்தில் கீறிவிடுங்கள். அதைப் படமும் எடுங்கள்.

அடுத்தது நீங்களே கண்டுபிடித்த விஷயம், தண்ணீர் விடுவது. இப்போது கடையில் வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அதற்குப் பத்து நாளுக்குக் குறையக் கூடாது, பதினான்கு நாள் நல்லது. தளத்தின் மேலே பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும். காலையில் ஒரு தடவை தெளித்துவிட்டுப் போவதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் ஊர் வெயிலில் பாத்தி மத்தியானத்துக்குள் வற்றிவிடும். தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு பள்ளி விடும் நேரத்தில் ஒரு எட்டு பார்த்து, நோட்டில் தேதி போட்டு "தண்ணீர் இருந்தது", "வற்றியிருந்தது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆனால் குடம் எடுத்துக்கொண்டு நீங்கள் ஊற்றப் போகாதீர்கள். அந்த வேலைக்கு ஒப்பந்ததாரருக்குக் கூலி மதிப்பீட்டிலேயே இருக்கிறது.

சென்ட்ரிங் தகடும் முட்டும் பெரும்பாலும் நாள் வாடகைக்கு எடுத்தவை. அதனால் எட்டாம் நாளே பிரிக்கத் துடிப்பார்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பீம் ஆறு மீட்டர் வரை என்றால் 14 நாள், அதற்கு மேல் என்றால் 21 நாள். கான்கிரீட் போட்ட தேதியையும் முட்டுப் பிரிக்கக்கூடிய தேதியையும் பொறியாளரைக் கேட்டு, கட்டடத்தின் வெளிச்சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவிடுங்கள். ஊரே பார்க்கட்டும்.

இரண்டே நாள் தண்ணீர் கண்ட பெல்ட்டைப் பற்றி உங்களுக்கு உறுத்தல் இருக்கும். அதைத் திரும்பப் போட முடியாது. பெல்ட் இடிந்துவிடும் என்று இதை வைத்து மட்டும் நான் சொல்லமாட்டேன். பலம் குறைந்திருக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ரீபவுண்ட் ஹேமர் என்று ஒரு கருவி உண்டு, கான்கிரீட்டை உடைக்காமல் தட்டிப் பார்த்து அதன் நிலையைச் சுமாராகச் சொல்லும். அதைச் செய்துபார்க்கும்படி கடிதத்தில் நாலாவதாக ஒரு வரி சேருங்கள். தண்ணீர் விடாத நாள்களின் தேதி உங்களுக்கு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். பெல்ட்டுக்குக் கேட்டார்கள் என்று தெரிந்தால் ரூஃபுக்கு எச்சரிக்கையாக இருப்பார்கள்.

கமிஷன் பேச்சைப் பற்றி. உங்களிடம் சான்று இல்லாதபோது கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ அதை எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு முழுவதும் யார் யாரைத் திருடன் என்றார்கள் என்பதிலேயே நின்றுவிடும், கவர் பிளாக்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள். உங்கள் முன்னால் யாராவது லஞ்சம் கேட்டால் அப்போது லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. அதுவரை அளவுகளை மட்டும் பேசுங்கள். அதேபோல கொத்தனாரிடமும் கம்பி கட்டுகிறவரிடமும் சண்டை வேண்டாம். அவர் தினக்கூலி; கவர் பிளாக் வாங்கித் தராவிட்டால் அவர் என்ன செய்வார்? வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பொறியாளருக்குத்தான் உண்டு. நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே, எழுத்தில். நல்ல பொறியாளருக்கு உங்கள் கடிதம் பலம். ஒப்பந்ததாரரிடம் "குழு கேட்கிறது, நான் என்ன செய்ய" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். நான் பணியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு கடிதத்துக்கு ஏங்கியிருக்கிறேன்.

தலைமை ஆசிரியர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் மாறுதலுக்கு உட்பட்ட ஊழியர். அவரை முன்னால் தள்ளாதீர்கள். மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பெற்றோர் செயலியிலும் ஏற்றிவிட்டால் அது குழுவின் முடிவாகிவிடும். அவர் தலையில் மட்டும் விழாது. கட்டடத்துக்கென்று ஐந்து பேர் கொண்ட சிறு குழு அமையுங்கள். ஊரில் வேலை பார்த்து ஓய்ந்த கொத்தனார் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைச் சேருங்கள். அவருக்குத் தெரிந்தது பாதிப் பொறியாளர்களுக்குத் தெரியாது. சிவில் டிப்ளமோ படித்த முன்னாள் மாணவர் யாராவது இருந்தால் அவரும் வரட்டும். 2024-இல் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். சத்துணவு சமைக்கும் அம்மாவை மறக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகினார்கள். 2021 டிசம்பர் 17-இல் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் போனார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து இடிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் ஓட்டுக் கட்டடம் போனதும் அந்த அலையில்தான் என்று நினைக்கிறேன். ஆபத்து என்று ஒன்றை இடித்துவிட்டு, அந்த இடத்தில் யாருமே பார்க்காமல் இன்னொன்றை எழுப்ப விடலாமா? அவர் வேண்டாம் என்பது உங்கள் மேல் உள்ள அக்கறையில். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள், அவரையும் கூட்டிப்போங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்தானே.

வேலை முடிந்ததும் தலைமை ஆசிரியரிடமும் உங்களிடமும் "திருப்திகரமாக முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்டு வருவார்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். முதலில் தளத்தின் மேலே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி அடியில் ஈரம் கசிகிறதா பாருங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிட்டுக் கணக்குக் காட்டுவது சகஜம். ஒரு தாய் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகளையும் உள்ளே விட்டுக் கேளுங்கள். கரும்பலகை எட்டுகிறதா, ஜன்னல் வெயில் பலகையில் பட்டுப் பளபளக்கிறதா என்று அவர்கள் சொல்வது மாதிரி யாரும் சொல்ல முடியாது. குறை இருந்தால் பட்டியல் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்று குறித்துவையுங்கள்; அதற்குள் விரிசலோ கசிவோ வந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கடிதங்களுக்கு அசைவே இல்லை என்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து அந்த முத்திரை போட்ட நகலைப் படித்துக்காட்டுங்கள், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ரூஃப். கம்பி கட்டி முடிந்ததும் டேப் வைத்து எடுத்த படங்களையும் வரைபடத்தின் படத்தையும் இந்தப் பகுதியின் முகவரிக்கே அனுப்புங்கள். எந்த நேரமானாலும் அன்றைக்கே பார்த்து எழுதுகிறேன். கான்கிரீட் நாள் தள்ளிப்போனால் அதையும் ஒரு வரியில் தெரிவியுங்கள்.